சுரண்டாமல் விட்ட ஒரு முழம்

ஏப்ரல் 17

தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள். கிரகோரி முதலாளியின் ‘தஸ்நேவிஸ்’ இன்று கரையேறியது. கிரேன்காரன் பட்டையை ஒழுங்காக மாட்டத் தெரியாமல் இரண்டு தடவை ஏற்றி இறக்கினான். படகின் அடியெல்லாம் கொட்டலசு. கைவைத்தால் தோலைக் கிழிக்கிற அந்தச் சிப்பிக் கூட்டத்தைத் தட்டி உதிர்க்கவே நான்கு நாள் ஆகும்.

வழக்கமாக ஒரு வருடத்துக்கு ஒரு பக்கத்தைத்தான் மரம் தெரியும்வரை சுரண்டுவோம். மறுபக்கத்தை மேலோட்டமாகத் தேய்த்துப் பூசிவிடுவோம். போன வருடம் வலதுபக்கத்தின் முறை. இந்த வருடம் முதலாளி வந்து நின்றதுமே, “பங்கிராசு, அடி முழுக்க மரம் தெரியணும். ஒரு பொட்டு பழைய பெயிண்ட் இருக்கப்படாது” என்றார்.

“வலது பக்கம் போன வருசந்தான மொதலாளி எடுத்தோம். அத விட்டுறலாமே” என்றேன்.

“போன சீசன் முச்சூடும் பம்பு ஓடுன ஓட்டம் எனக்குத்தான் தெரியும். முன்னால ஒருநேரம் எறச்சா போதும். இப்ப நாலுநேரம் எறைக்கான். எங்கயோ தண்ணி ஏறுது” என்றவர், பக்கத்தில் நின்ற சிலுவை ஓடாவியின் பக்கம் திரும்பினார். “ஓடாவியாரே, ஒம்ம கலப்பத்து லெச்சணம் இதுதானா?”

பலகை இடுக்கில் பஞ்சுத்திரியைத் திணித்து அடைக்கிற வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். அது படகு கட்டும் ஓடாவியின் வேலை. என் வேலை சுரண்டுவதும் பூசுவதும் மட்டும்தான். சிலுவை ஓடாவியின் காது சிவந்துபோனது. நான் டீயைக் குடித்து முடித்தேன்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். முன்பக்கமும் இடதுபக்கமும் ஞானப்பூவுக்கும் அவளோடு வரும் மூன்று பெண்களுக்கும். வலதுபக்கம் முழுக்க நானே.

ஏப்ரல் 18

கொட்டலசு. வெயில். இடுப்பு வலி.

ஏப்ரல் 22

எந்த வருடமும் முழுக்கச் சுரண்டாத முன்முனையில் சுரண்டச் சுரண்ட நிறம் மாறுகிறது. சிவப்பு, அதற்கடியில் கறுப்பு, மறுபடி சிவப்பு, அதற்கும் அடியில் ஒரு பச்சை. அந்தப் பச்சை என் கைவேலை இல்லை. எனக்கு முன்னால் இருந்த பெயிண்டர் பூசியது. எவ்வளவு மட்டமான பூச்சு என்று ஞானப்பூவிடம் காட்டினேன். என் பெயிண்ட்டை எடுக்க ஒருவன் கேஸ் பர்னரும் சுரண்டியும் வைத்துக்கொண்டு அரைநாள் மல்லுக்கட்ட வேண்டும். அவனுடையது நகத்தால் கீறினாலே வருகிறது.

ஞானப்பூ சிரித்தாள். “ஒங்களப்போல வருமாண்ணே? எங்க வீட்டு ஆளே சொல்லுவாவ, பங்கிராஸ் அண்ணன் பூசுன படகுல படுத்தா வீட்டுல படுத்த மாதிரி இருக்குன்னு.” அவள் கணவன் லாசர் இதே படகில்தான் ஆறு வருடமாகக் கடலுக்குப் போகிறான். படகில் மொத்தம் ஒன்பது பேர்.

சாயங்காலம் தன் வேலை சீக்கிரம் முடிந்ததால், எனக்கு உதவட்டும் என்று சுரண்டியை எடுத்துக்கொண்டு என் பக்கத்துக்கு வந்துவிட்டாள். பின்பலகைக்குக் கீழே உட்கார்ந்து கையை ஓங்கியேவிட்டாள். நான் கத்தியது இரண்டு படகு தள்ளிக் கேட்டிருக்கும்.

“ஏட்டி, அங்க யாரு ஒன்னத் தொடச் சொன்னா?”

அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள். அவளை நான் ஒருநாளும் அதட்டியதில்லை. உன் சுரண்டி மழுங்கல், மரத்தைக் கீறிவிடும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் சுரண்டி மழுங்கல் இல்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

பூசை முடிந்து மகள் மெர்லினும் மருமகன் ரீகனும் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி பிரகாசி நண்டு வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் ரீகன் சொன்னான்: “மாமா, கிரகோரி மொதலாளி கூப்பிட்டு விட்டிருந்தாவ. தஸ்நேவிசுக்கு என்னைய டிரைவரா போடுதாவளாம். தடை முடிஞ்சதும் மொத பயணமே நான்தான்.”

இதுவரை வேறொரு படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன். இருபத்தொன்பது வயதில் சக்கரம் கைக்கு வருகிறது. மெர்லின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிரகாசி எழுந்துபோய் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் பாதிச் சோற்றில் கைகழுவினேன்.

“என்ன, நண்ட அப்படியே வச்சிட்டு எந்திரிக்கிய?” என்றாள்.

வயிறு சரியில்லை என்றேன்.

வாய் திறந்து யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. அடிமரத்தைச் சுரண்டி வெளியே கொண்டுவந்தவன் பலகையில் உள்ளங்கையை வைத்து, “மரம் நல்லது” என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஓடாவி அந்தப் பலகையைத் தட்டிப் பார்க்கமாட்டார். சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. போன வருடம் வலதுபக்கத்தில் எல்லாவற்றையும் சுரண்டி முடித்து, பின்பலகையில் ஒரு முழம் மட்டும் பாக்கி. மத்தியானம் சிலுவை ஓடாவி வந்து, “இன்னுமா முடியல? வயசாயிட்டுதுவே ஒமக்கு” என்று நாலு பேர் முன்னால் கேலி செய்தார். எனக்கு ரோஷம். பெயிண்ட் இருக்கிற அந்த ஒரு முழத்தின் மேலேயே கையை வைத்து, “மரம் நல்லது, போவே” என்றேன். அவர் போய்விட்டார்.

சாயங்காலம் அந்த முழத்தைச் சுரண்டினேன். சுரண்டி கைப்பிடிவரை உள்ளே போனது. உள்ளே மரம் இல்லை, புழு தின்ற சக்கைதான் இருந்தது.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பலகை மாற்றப் பத்து நாள் போதும். பார்க்காமலே கைவைத்துச் சொன்னான் பங்கிராஸ் என்று ஊர் சிரிக்குமே என்று பயந்தேன். மரத்தூளும் ரெசினும் சிவப்புப் பெயிண்ட்டும் பிசைந்து பட்டி போட்டு அடைத்து, மேலே பூசிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது.

ஒன்பது பேர் ஒரு சீசன் முழுக்க அந்தப் பட்டியின் மேல் போய்வந்திருக்கிறார்கள். பம்பு நாலுநேரம் ஓடியது ஓடாவியின் கலப்பத்தால் அல்ல.

ஏப்ரல் 28

ஒரு வழி தோன்றியது. பழைய பட்டியைச் சுத்தமாகத் தோண்டி எடுத்துவிட்டு, புழு விழுந்ததை இன்றைக்குத்தான் கண்டேன் என்று சொல்லிவிடலாம். பலகையும் மாறும், பேரும் கெடாது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தோண்டினேன். போன வருடம் நாலு விரல் அகலம் இருந்தது இப்போது ஒன்றரைச் சாண். பலகைக்குப் பின்னால் இருக்கிற வங்குக்கட்டையும் மெத்தென்று இருக்கிறது. அது படகின் விலா எலும்பு மாதிரி. என் பட்டியோ மரத்தின் நார்நாராக இறங்கிப் பிடித்திருக்கிறது. எவ்வளவு கிளறினாலும் சிவப்பு போகவில்லை. பட்டியில் சிவப்புப் பெயிண்ட் கலக்கிறவன் இந்தக் கரையில் நான் ஒருவன்தான். அது என் தனிக் கைமுறை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனும் நான்தான்.

ஓடாவியின் செருப்புச் சத்தம் கேட்டது. புதுப் பட்டியை அள்ளி அப்பி அடைத்துவிட்டு, அதன்மேல் உடனே ரெட் ஆக்சைடு பூசினேன். அவசரத்தில் முகத்தில் சொட்டியது.

ஏப்ரல் 30

என் பக்கம் முழுக்க ரெட் ஆக்சைடு அடித்துவிட்டேன். மழை வரும்போல இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

மே 4

சிலுவை ஓடாவி மரச்சுத்தியோடு வந்தார். முதலாளி சொன்ன சொல் அவரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தத் தடவை யார் சொல்லையும் நம்பப் போவதில்லை, எல்லாப் பலகையையும் நானே தட்டிப் பார்ப்பேன் என்று இடதுபக்கத்தில் ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டுக்கும் நின்று காதுகொடுத்துக் கேட்கிறார். நல்ல மரம் கணீரென்று பேசும். கெட்ட மரம் பொத்தென்று சொல்லிவிடும்.

என் பக்கம் வந்ததும் நின்றார். “மரத்தக் காட்டாம எதுக்குவே பூசுனீரு?”

“மழைக்குப் பயந்துதான்.”

“எந்த ஊருல மழ?”

நல்லவேளையாக, நல்லவேளை என்றா எழுதினேன், முதலாளி அங்கே வந்தார். “பங்கிராசு பாத்தாச்சுன்னா பெறகு என்னத்துக்கு ஓடாவியாரே தட்டிக்கிட்டு? ஒம்ம கலப்பத்தப் பாரும் மொதல்ல.”

சிலுவை ஓடாவி சுத்தியைத் தாழ்த்தினார். என்னை நேராகப் பார்த்தார். “அப்பம் கைய வச்சுச் சொல்லும்.”

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஞானப்பூவும் நின்றாள். நான் கையை வைத்துச் சொன்னேன். காலையில்தான் இன்னொரு கை பூசியிருந்தேன், பூச்சு இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. உள்ளங்கையெல்லாம் சிவப்பு.

மே 11

அறுபத்திரண்டு வயது ஓடாவி, தான் செய்யாத தப்புக்காகப் படகு முழுக்கக் கலப்பத்தைப் பிடுங்கிப்போட்டு மறுபடி அடிக்கிறார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை டொக் டொக் என்று அந்தச் சத்தம். என்னால் அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது குறுகுறுப்போடு நிற்கவில்லை. நான் ஒரு கேடுகெட்டவன்.

மே 19

ரீகனைக் கூப்பிட்டு, தஸ்நேவிஸ் வேண்டாம், வேறு படகு பார்க்கலாம் என்றேன்.

“எதுக்கு மாமா?”

பழைய படகு என்றேன். எஞ்சின் சரியில்லை என்றேன். கச்சான் காற்று நேரத்தில் தாங்காது என்றேன். அந்த ஒன்றாவது உண்மை. ஒரு நல்ல அலை அந்த இடத்தில் அறைந்தால் போதும்.

“நீங்க பெயிண்ட் அடிக்கிற படகு மாமா அது! ஒங்க மருமவன் சக்கரம் பிடிக்கிறது ஒங்களுக்கே பொறுக்கலையா?”

கோபித்துக்கொண்டு போய்விட்டான். அவனிடம் உண்மையைச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் மெர்லினுக்குத் தெரியும், மெர்லின் வழியாகப் பிரகாசிக்கு, பிறகு ஊருக்கு.

மே 23

சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்கிறாள் பிரகாசி. வேண்டாம் என்றேன்.

மே 27

பிரச்சினை தீர்ந்தது. வடக்குக் கரையில் புதிதாகக் கட்டிய பெரிய படகு ஒன்று நிற்கிறது. அதன் முதலாளிக்கு என்மேல் நல்ல அபிப்பிராயம். மருமகனுக்காக அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். ரீகனையே டிரைவராகப் போட ஒத்துக்கொண்டார். புதுப் படகு, புது எஞ்சின் என்றதும் ரீகன் கோபமெல்லாம் போய் மாமா மாமா என்று பின்னாலேயே வருகிறான்.

பல நாள் கழித்து இன்று இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 29

படகில் நீலப்பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். ஞானப்பூ ஓடிவந்தாள். கையில் மக்ரூன் பொட்டலம்.

“அண்ணே, வாயத் தெறங்க! ரீகன் தம்பி வேற படகுக்குப் போயிட்டதால எங்க வீட்டு ஆளையே டிரைவரா போட்டுட்டாவ. ஆறு வருசமா அவிய கேட்டுக்கிட்டு இருந்தது. எல்லாம் ஒங்களாலதான்.”

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மக்ரூன் கரையவே இல்லை. வாய் அவ்வளவு வறண்டிருந்தது.

“தின்னுங்கண்ணே, இன்னொண்ணு எடுங்க” என்று நின்றாள்.

ஜூன் 3

அடிக்கு இரண்டாம் பூச்சு. ஞானப்பூ பேசிக்கொண்டே வேலை செய்கிறாள். மூத்தவனைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறாளாம். லாசர் இனிமேல் குடிப்பதில்லை என்று மாதா முன்னால் சத்தியம் செய்திருக்கிறானாம். நான் ம் கொட்டினேன்.

ஜூன் 8

மீன்வளத்துறையிலிருந்து வந்து பார்த்தார்கள். எண், எஞ்சின், காகிதங்கள், மிதவைச் சட்டைகள். எல்லாம் சரியாக இருந்தன. அடிப்பூச்சைப் பார்த்த ஓர் அதிகாரி, கண்ணாடி மாதிரி இருக்கிறதே, யார் வேலை என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

ஜூன் 12

படகு இறங்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 13

சொல்லவில்லை.

ஜூன் 14

காலை எட்டு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து படகை மந்திரித்தார். படகின் முன்முனையான அணியத்தில் மாலை. ஒன்பது பேரும் புதுக் கைலி கட்டியிருந்தார்கள். லாசர் மேலே சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றான். கீழே நின்ற ஞானப்பூவைப் பார்த்து, “போய்ட்டு வரட்டா?” என்று கேட்டான். இன்னும் படகே இறங்கவில்லை, அதற்குள் அவனுக்கு அவசரம். எல்லோரும் சிரித்தார்கள்.

கிரேன்காரன் பட்டையை மாட்டினான். தளத்தை விட்டு ஓர் அடி உயர்ந்தால் பிறகு நேராகத் தண்ணீர்தான்.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில்லை. சுரண்டி இடுப்பில் இருந்தது. “நிறுத்துங்கவே” என்று கத்தியபடி அடியில் நுழைந்து பின்பலகையில் ஓங்கிக் குத்தினேன். முதல் குத்தில் பூச்சு வெடித்தது. இரண்டாவதில் பட்டி பெயர்ந்து விழுந்தது. மூன்றாவதில் சுரண்டியோடு என் மணிக்கட்டும் உள்ளே போனது. புத்தம்புதுப் படகாக மின்னிக்கொண்டிருந்ததை நான் குத்துவதைப் பார்த்து, பெயிண்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். இரண்டு பேர் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

சிலுவை ஓடாவி குனிந்து ஓட்டைக்குள் கையை விட்டார். ஒரு பிடி சக்கையை வெளியே எடுத்தார். அதில் ஒட்டியிருந்த சிவப்பு உருண்டையைப் பிட்டுப் பார்த்தார். யார் பட்டி என்று அவர் கேட்கவில்லை.

“இது எப்பம் போட்டது?”

“போன வருசம் கொஞ்சம். மீதி இந்த ஏப்ரல்ல” என்றேன்.

“தெரிஞ்சுதான் கைய வச்சீராவே?”

“தெரிஞ்சுதான்.”

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சக்கையைக் கொண்டுபோய் முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார். “என் கலப்பத்துல என்ன கொறன்னு கேட்டீரே மொதலாளி, பாத்துக்கிடும்” என்று சொல்லிவிட்டு, சுத்தியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தார். முதலாளி என்னைப் பார்த்து, இனி இந்தத் தளத்தில் கால் வைக்காதே என்றார். அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஜூன் 15

ரீகன் புதுப் படகில் கடலுக்குப் போய்விட்டான். மெர்லினிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனானாம், என்னைப் பார்க்க வரவில்லை. பிரகாசி எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. வங்குக்கட்டையையும் மாற்ற வேண்டுமாம். தஸ்நேவிஸ் கடலில் இறங்க ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். சிலுவை ஓடாவியின் வீட்டுக்கு முதலாளியே நேரில் போய் அழைத்துவந்தாராம்.

ஜூன் 17

பத்து மணி இருக்கும். ஞானப்பூ வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றாள். பிரகாசி உட்காரச் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டாள்.

“அண்ணே, ஒரு விசயம் கேக்கணும். ரீகன் தம்பிய எந்தத் தேதியில வேற படகுக்கு மாத்துனிய?”

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

“நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வப்பியளே. பாத்துச் சொல்லுங்க.”

இந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். மே 27 என்றேன்.

அவள் அங்கிருந்து ஜூன் 14 வரை விரல்விட்டு எண்ணினாள். ஒரு தடவை எண்ணி, சரியாக வரவில்லைபோல, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“பதினெட்டு நாளு” என்றாள். “போன வருசத்த விட்டுருதேன். ரோசத்துல சொல்லிட்டிய, பயந்து மறச்சிட்டிய. மனுசன்தான, போகட்டும். ஆனா இந்தப் பதினெட்டு நாளும் எம்பக்கத்துலதான இருந்திய? எம்புள்ள காலேசுக்குப் போறதக் கேட்டிய, நான் குடுத்ததத் தின்னிய. ஒங்க மருமவன மட்டும் எடுத்து அங்கிட்டு வச்சுட்டு, எங்க வீட்டு ஆள அதுல ஏத்திவிட்டுட்டு, எங்கூடப் பேசிக்கிட்டுதான இருந்திய?”

பிரகாசி சமையலறையிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தாள். ரீகன் படகு மாறியதன் காரணம் இந்த நிமிடம்வரை அவளுக்குத் தெரியாது.

“கடைசியில சொல்லிட்டேனே ஞானம்” என்றேன்.

“சொன்னிய” என்றாள். “அதான் வந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். இல்லன்னா யாருகிட்ட கேட்டிருப்பேன்?”

அவள் தெருமுனை திரும்பும்வரை நான் நோட்டைப் பிடித்தபடி நின்றேன். பிரகாசி வந்து அதை என் கையிலிருந்து வாங்கி, ஏப்ரல் பக்கத்தைத் திறந்து, வாசற்படியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். அவள் முடித்துத் தந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.